சஸ்பென்ஸ் எடுத்த ஒரே கொலைப் படம்

மூன்று மணி நேரம் கல்யாண வீடியோ எடுத்து, அதில் மணப்பெண்ணின் முகத்தை ஒரு நொடிகூடக் காட்டாமல் விட்ட மனிதர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் எஸ்டேட்டில் இருந்தார். இன்னொருத்தர் எங்காவது இருந்தால் எழுதிப் போடுங்கள். நான் இந்தப் பத்தி எழுதுவதையே நிறுத்திவிடுகிறேன்.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர். கேசட் போட்டு வீடியோ பார்த்த காலம். நம்ம ஆள் ஃபேக்டரியில், கொழுந்தை வாட்டுகிற மாடியில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையானால் தோளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம், காதுகுத்து, சீர் என்று கிளம்பிவிடுவார். பெற்றவர்கள் வைத்த பேர் என்னவென்று யாருக்கும் ஞாபகமில்லை. எஸ்டேட் முச்சூடும் அவருக்கு ஒரே பேர்தான், சஸ்பென்ஸ். டிஸ்பென்சரி நோட்டில்கூட 'சஸ்பென்ஸ், இருமல்' என்றுதான் எழுதி வைத்திருந்தேன்.

எந்த விஷயத்தையும் முதலில் சொல்லிவிட்டால் அதன் ருசி போய்விடும் என்பது அவர் கொள்கை. முக்கியமானது கடைசியில்தான் வர வேண்டும். சினிமாவுக்கு இது சரி. டிஸ்பென்சரிக்குச் சரிப்படுமா? பின்னால் பதினைந்து பேர் இருமிக்கொண்டு நிற்பார்கள். இவர் முக்காலியில் உட்கார்ந்து ஆரம்பிப்பார்.

"என்னங்க உடம்புக்கு?"

"சொல்றனுங்க கம்பவுண்டரே. காலைல எந்திரிச்சனுங்களா... பல்லு வெளக்குனனுங்களா... வெளிய வந்து பாத்தா நல்ல பனிங்க..."

"அண்ணா, என்ன பண்ணுது, அதைச் சொல்லுங்க."

"அவசரப்படாதீங்க. பனியில ஒரு காலை எடுத்து வெச்சனுங்க. ரெண்டாவது காலை எடுத்து வெச்சனுங்க..."

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் உள்ளங்காலில் முள். 'முள்ளு குத்திருச்சு' என்று இரண்டு வார்த்தையில் முடிகிற சமாச்சாரம். பின்னால் நின்றவர்களில் பாதிப் பேருக்குக் காய்ச்சலே இறங்கிவிட்டது.

அவருடைய வீடியோவும் அப்படித்தான். காதுகுத்து வீடியோவில், ஆசாரி ஊசியைக் கையில் எடுத்ததும் கேமரா சட்டென்று திரும்பி வாசலில் படுத்திருக்கும் நாயைக் காட்டும். அப்புறம் 'வீல்' என்று ஒரு சத்தம். கத்தினது குழந்தையா நாயா என்று அந்த வீட்டில் இன்னும் விவாதம் நடக்கிறதாம். பெண் பார்க்கப் போன இடத்தில் தன் வேலை என்ன, சம்பளம் என்ன என்பதைக் கடைசியில் சொல்லலாம் என்று வைத்திருந்தார். கடைசி வருவதற்குள் பெண் வீட்டார் பஜ்ஜித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அதோடு மனிதர் கல்யாணப் பேச்சையே விட்டுவிட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அவருடைய தம்பி வேலுவின் கல்யாணம்தான் வினையாகிவிட்டது.

வேலு எங்கள் எஸ்டேட்டில் கொழுந்து லாரி டிரைவர். நல்ல பையன், கொஞ்சம் முன்கோபி. பெண் சரோஜாவுக்கு ஊர் மேட்டுப்பாளையம். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் சரோஜாவின் அம்மா வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மலைக்கு வர முடியாது. "அழாத கண்ணு, மச்சாண்டார்தான் வீடியோ எடுக்கறாராமா. அதுல உன்னைய கண்ணு நெறையப் பாத்துக்கறேன்" என்று பெண்ணுக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினார். அண்ணனே கேமராக்காரர் இருக்கும்போது தனியாக ஃபோட்டோகிராஃபர் எதற்கு என்று அதையும் விட்டுவிட்டார்கள்.

சஸ்பென்ஸ் எடுத்தார். எடுத்தார், எடுத்துத் தள்ளினார். பந்தலைக் காட்டினார். சாம்பார் வாளியைக் காட்டினார். நாதஸ்வரக்காரர் கன்னம் உப்புவதை ஆறு நிமிஷம் காட்டினார். மணப்பெண்ணின் கொலுசைக் காட்டினார், வளையலைக் காட்டினார், பின்னால் இருந்து சடையைக் காட்டினார். முகம் மட்டும் வராது. தாலி ஏறியதும், குனிந்த தலை மெதுவாக நிமிரும், அப்போதுதான் முகம் என்பது அவருடைய திட்டம். தாலி ஏறியது. தலை நிமிர ஆரம்பித்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது.

மேட்டுப்பாளையத்தில் அந்த அம்மா, கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, மூன்று மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்திருக்கிறார். கடைசியில் டிவியில் கோடு கோடாக வந்து 'சர்ர்ர்' என்றது. "எங்கீங்க என்ற பொண்ணு?" என்று கேட்டுவிட்டு, முந்தானையை வாயில் வைத்து அழுதிருக்கிறார். சரோஜாவும் அழுதாள். அன்றைக்கு வேலு அண்ணனோடு பேச்சை நிறுத்தினான்.

ஒன்பது வருஷம் ஐயா! ஒரே லைன் வீடு, அடுத்தடுத்த கதவு, ஒரே தண்ணீர்க் குழாய். ஒரு வார்த்தை கிடையாது. ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால் நடுவில் ஒரு ஆள் வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் வேலு குழாயிடம் சொல்லுவான். "ஏ கொழாயே, குடத்தை வெச்சவங்க எடுத்தாத்தான மத்தவங்க புடிக்க முடியும்?" சஸ்பென்ஸ் கோழியிடம் பதில் சொல்லுவார். "ஏ கோழி, இப்பத்தான வெச்சேன், அதுக்குள்ள என்ன அவசரம்?" அவர்களுடைய அப்பா மாரப்ப மேஸ்திரி, ஓய்வு பெற்றவர், காலையில் பெரியவன் வீட்டிலும் ராத்திரியில் சின்னவன் வீட்டிலும் சாப்பிடுவார், தூது மட்டும் போக மாட்டார். அதனால் ஆள் கிடைக்கும்போதெல்லாம் அந்த ஆள் நானாகத்தான் இருந்தேன். டிஸ்பென்சரிக்கு எல்லாரும் வந்துதானே ஆக வேண்டும்?

ஒரு நாள் மத்தியானம் சஸ்பென்ஸ் வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"கம்பவுண்டரே, நான் ஒரு படம் எடுக்கப் போறனுங்க."

"யாரு ஊட்டுக் கல்யாணம்?"

"கல்யாணமில்லீங்க. சினிமா. கொலைப் படம். சண்டை இருக்குது, காமெடி இருக்குது. ஒரு பெரியவரை யாரோ கொன்னு தேயிலைக்குள்ள போட்டுடறாங்க. அவருக்கு ரெண்டு பசங்க. ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கொன்னவனை ரெண்டு பேரும் தனித்தனியாத் தேடறாங்க. இவன் மேல அவனுக்குச் சந்தேகம், அவன் மேல இவனுக்குச் சந்தேகம். அடிச்சுக்கறாங்க. கடைசியில ஒட்டுக்காச் சேந்து கொலைகாரனைப் புடிக்கறாங்க."

"கொன்னது யாருங்க?"

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "அது சஸ்பென்ஸுங்க."

அண்ணன் வேஷம் அவரே. அவர் நடிக்கும்போது கேமராவைப் பிடிக்க நான். தம்பி வேஷத்துக்கு? அவர் ஜன்னல் வழியாகக் கொழுந்து லாரி போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. தலையெழுத்தே என்று லாரி ஷெட்டுக்கு நடந்தேன்.

வேலு டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். "அந்தாளு படத்துல நானா? போயி வேற வேலையப் பாக்கச் சொல்லுங்க."

திரும்பி வந்து சொன்னேன். சஸ்பென்ஸ் கொஞ்சம் யோசித்தார். "சண்டை சீன்ல என்னைய நெசமாவே நாலு அடி அடிச்சுக்கலாம்னு சொல்லுங்க."

மறுபடியும் ஷெட்டுக்கு நடந்தேன். வேலு பம்பைக் கீழே வைத்தான். "நாலா? பத்துன்னா வர்றேன்னு சொல்லுங்க."

"பத்துக்குச் சரிங்களாம்" என்று அடுத்த நடையில் முடித்துக் கொடுத்தேன். ஒரு சினிமாக் கம்பெனி இப்படித்தான் ஆரம்பமாயிற்று.

கொலையாகிற பெரியவராக நடிக்க மாரப்ப மேஸ்திரியே முன்வந்தார். எழுபது வயசு மனிதர், பிணமாகக் கிடக்கச் சம்மதித்ததில் எனக்கே ஆச்சரியம். "ஏனுங்க மேஸ்திரி, அபசகுனமா இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"போங் கம்பவுண்டரே. நான் செத்தாத்தான் இவனுக ரெண்டு பேரும் ஒட்டுக்கா ஒரு எடத்துல வந்து நிப்பானுகன்னு நெனச்சிருந்தேன். அதை உசுரோட இருந்தே பாக்கலாம்னா கசக்குதா?" என்றார்.

தொரையிடம் அனுமதி வாங்கினோம். எஸ்டேட் மேனேஜரைத்தான் நாங்கள் தொரை என்போம். ஞாயிற்றுக்கிழமை மட்டும், கொழுந்தைக் கிள்ளக் கூடாது, புகை விடக் கூடாது என்று நிபந்தனை போட்டார். முதல் ஞாயிறு, மேல் காட்டில் இடுப்பளவு தேயிலைச் செடிக்கு நடுவில் மேஸ்திரியைப் படுக்க வைத்தோம். வெள்ளை வேட்டி, நெற்றியில் சிவப்பு மருந்து. மருந்து டிஸ்பென்சரியுடையது. கேமரா ஓட ஆரம்பித்தது. பிணம் காலைச் சொறிந்தது.

"அப்பா, செத்தவங்க சொறியக் கூடாதுங்க."

"அட்டை ஏறுதுடா."

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. நீங்க செத்துட்டீங்க."

"நான் செத்துட்டேன்னு அட்டைக்குத் தெரியுமாடா?"

அப்புறம் வேலு வந்து பிணத்தைச் சோதிக்க வேண்டும். என் ஸ்டெதாஸ்கோப்பை அப்பாவின் நெஞ்சில் வைத்தான். 'உயிர் போயிருச்சே' என்பது வசனம். வேலு பொய் சொல்லத் தெரியாத பிறவி. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, கேமராவைப் பார்த்து, "துடிக்குதுங்களே" என்றான். ஐந்து தடவை எடுத்தோம். ஐந்து தடவையும் துடித்தது. மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்து, வயிறு குலுங்கி, செடியே ஆடிற்று.

ஒரு மாதம் இப்படி நன்றாகத்தான் போயிற்று. ஐந்தாவது ஞாயிறு கேமராவைத் தூக்கிக்கொண்டு மேல் காட்டுக்குப் போனால் காட்டையே காணோம். கவாத்து வெட்டிவிட்டார்கள்! தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக வெட்டிவிடுவார்கள், அதுதான் கவாத்து. போன வாரம் பச்சைப் பசேல் என்று பிணம் மறைந்து கிடந்த இடத்தில் இந்த வாரம் வெறும் குச்சி. அங்கே பிணத்தைப் போட்டால் கீழே கோத்தகிரி ரோட்டில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும். எஸ்டேட்டிலேயே பிறந்து வளர்ந்த அண்ணனும் தம்பியும் மேஸ்திரியாக இருந்த அப்பாவும், எந்தக் காட்டுக்கு எப்போது கவாத்து என்று ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை. நான் கம்பவுண்டர், என்னை விட்டுவிடுங்கள்.

வேறு ஆளாக இருந்தால் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். சஸ்பென்ஸ் அந்த மொட்டைக் காட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் என்னைக் கேமராவை ஓட்டச் சொல்லிவிட்டு, நடுவில் நின்று, கையை நீட்டி முழங்கினார். "ஆகா! தடயத்தை அழிக்கக் கொலைகாரன் ராத்திரியோட ராத்திரியாக் கவாத்து அடிச்சிருக்கான்!"

பன்னிரண்டு ஏக்கர்! ஒரே ஆள், ஒரே ராத்திரியில்! மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "அப்படிப்பட்ட வேலைக்காரனாடா என்னைக் கொன்னான்? அவனை ஏண்டா ஜெயிலுக்கு அனுப்பறீங்க, தொரைகிட்டச் சொல்லி வேலைக்கு எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

யார் அந்தக் கொலைகாரன் என்பதுதான் அப்போது எஸ்டேட் முழுக்கப் பேச்சு. கொழுந்து எடை போடும் இடத்தில் பெண்கள் கட்சி பிரிந்து வாதாடினார்கள். மேஸ்திரியைப் பார்த்தால் "ஏனுங் பொணம், டீ குடிச்சாச்சுங்களா?" என்று விசாரித்தார்கள். தொரையே என்னைக் கூப்பிட்டு, பிரஷர் பார்க்கச் சொல்லிக் கையை நீட்டிவிட்டு, மெதுவாகக் கேட்டார். மேஸ்திரிக்கோ தூக்கமே போயிற்று. "டேய், என்னைக் கொன்னது யாருடா? செத்தவனுக்குக்கூடச் சொல்லக் கூடாதா?" என்று பெரிய மகனைத் தினமும் நச்சரித்தார்.

"சஸ்பென்ஸுங்கப்பா" என்பதுதான் பதில்.

வேலு தன் பத்து அடியில் ஒன்பதைச் செலவழித்துவிட்டான். ஒவ்வொரு அடியும் அடி. விழுந்த இடம் எனக்குத் தெரியும், மருந்து போட்டவன் நான். ஆனால் ஒரு விஷயத்தில் படம் நின்றுபோயிற்று. கடைசிக் காட்சியில் தம்பி அண்ணனைக் கட்டிப் பிடித்து, 'அண்ணா, என்னை மன்னிச்சிருங்கண்ணா' என்று சொல்ல வேண்டும். வேலு காகிதத்தைப் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"இதை நான் சொல்லமாட்டனுங்க."

"வேலு, இது சினிமாதான?"

"சினிமாவோ நெசமோ, தப்புப் பண்ணது யாரு? மன்னிப்பு யாரு கேக்கோணும்? அந்தாளையே கேக்கச் சொல்லுங்க." அதோடு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

சஸ்பென்ஸ் அன்று சாயங்காலம் டிஸ்பென்சரிக்கு வந்தார். ஒன்பதாவது அடியில் உதடு வீங்கியிருந்தது. நான் பஞ்சை வைத்து ஒற்றும்போது, எந்த முன்னுரையும் இல்லாமல் ஒரு விஷயத்தைச் சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று நான் நினைக்கவில்லை.

"கம்பவுண்டரே, கொலைகாரன் யாருன்னு எனக்கே தெரியாதுங்க."

"என்னங்க சொல்றீங்க?"

"யோசிக்கவே இல்லீங்க. எவனோ ஒருத்தன் இருந்துட்டுப் போறான். எனக்கு அந்தக் கடைசி சீன் போதும். ஒன்பது வருசமாச்சுங்க அவன் என்னைய அண்ணான்னு கூப்பிட்டு. வசனமாச் சொன்னாக்கூடச் சரிதான். காதுல வுழுந்தாப் போதும்."

எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. "ஏனுங்க, இதுக்கு ஒரு படமா எடுக்கோணும்? அடுத்த கதவுதான? தட்டி, 'தப்புப் பண்ணிட்டேன்டா'ன்னு சொல்ல என்ன கேடு?"

"மூணு தடவை போனனுங்க. 'இந்த வருசம் மழை நல்லாப் பேஞ்சுதில்ல'ன்னு ஆரம்பிச்சேன். அந்தப் புள்ள சரோஜா கதவைச் சாத்திருச்சு. ரெண்டாந் தடவை, பழைய கதை ஒண்ணு சொல்லி, அப்பறமா விசயத்துக்கு வரலாம்னு பாத்தேன். மறுபடியும் சாத்திருச்சு. மூணாவது தடவை நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாலயே சாத்திருச்சு. எனக்கு எதையும் மொதல்லயே சொல்ல வரமாட்டேங்குதுங்க கம்பவுண்டரே. என்ன பண்ணட்டும்?"

நான் மறுநாள் வேலுவைப் பிடித்தேன். அந்த வசனத்தைச் சொல்ல வேண்டாம், சண்டையை மட்டும் எடுப்போம், உனக்கு இன்னும் ஒரு அடி பாக்கி இருக்கிறது என்று ஆசை காட்டினேன். பாக்கி இருந்த அடி அவனை இழுத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான். புருஷன் கடைசி அடி அடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று சரோஜாவும் ஃபிளாஸ்க்கும் முறுக்குமாகக் கிளம்பி வந்தாள்.

மொட்டைக் காட்டின் மேல் ஓரம், சோலைக் காடு தொடங்குகிற இடம். அரைகுறைப் பனி. சஸ்பென்ஸ் சோலைக்கு முதுகைக் காட்டி நின்றார். இருபதடி தள்ளி வேலு, அண்ணனைப் பார்த்தபடி. பக்கவாட்டில் கேமராவோடு நான். கொஞ்சம் கீழே ஒரு பாறையில் சரோஜா. மேஸ்திரி நெற்றியில் மருந்தோடு குச்சிகளுக்கு நடுவில் கிடந்தார். மகன்கள் சண்டை போடும்போது செத்த அப்பா அவர்கள் கண் முன்னாலேயே கிடக்க வேண்டுமாம்.

"அடேய் தம்பி!" என்று சஸ்பென்ஸ் ஆரம்பித்தார். "உனக்கு ஒரு உண்மையைச் சொல்லப் போறேன்! ஆனா இப்பச் சொல்ல மாட்டேன்!"

கேமராவின் சின்னக் கண்ணாடியில் எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். அவர் பின்னால் பனிக்குள் கறுப்பாகப் பெரிதாக ஏதோ அசைந்தது. கம்பளி போர்த்திக்கொண்டு யாரோ நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கீழே வெள்ளையாகக் கால் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு சாக்ஸ் வேறு போட்டு வந்திருக்கிறார்கள் பார் என்று பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம் அந்த நாலு பேருக்கும் சேர்த்து இரண்டே இரண்டு கொம்பு தெரிந்தது.

காட்டெருமை! அதுவும் கடா! எங்கள் மலையில் அது கொழுந்து லாரி அளவுக்கு இருக்கும், கால் நாலும் முழங்கால் வரை வெள்ளை.

வேலுவும் பார்த்துவிட்டான். அப்படியும் அந்தப் பிடிவாதக்காரன் என்ன செய்தான் தெரியுமா? என் பக்கம் திரும்பி, "கம்பவுண்டரே! கம்பவுண்டரே! அந்தாளை ஓடச் சொல்லுங்க!" என்று கத்தினான்.

எனக்குக் குரல் எங்கே வருகிறது? வாயைத் திறந்தால் காற்று வந்தது. எருமை ஒரு தடவை 'புஸ்' என்று மூச்சு விட்டது. சஸ்பென்ஸ் அதைக் கவனிக்காமல், "அந்த உண்மை என்னன்னா..." என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். வேலு என்னைப் பார்த்தான், எருமையைப் பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். ஒரு குழாயில்லை, ஒரு கோழியில்லை.

"டேய் அண்ணா! பின்னால எருமைடா! ஓடுடா அண்ணா!"

அந்தச் சத்தத்துக்கு முதலில் எழுந்தது பிணம். எழுபது வயசு மேஸ்திரி வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்காமல், சரோஜாவையும் தாண்டிப் பாறைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். ஓட வேண்டிய மனிதரோ ஓடவில்லை. கையை ஆட்டுவதை நிறுத்திவிட்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்து, வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"என்னடா சொன்னே?"

"எருமைடா!"

"அதில்லடா. அதுக்கு மொதல்ல என்னமோ சொன்னியே?"

வேலு தலையில் அடித்துக்கொண்டு நேராக ஓடினான். எருமைக்கும் அண்ணனுக்கும் நடுவில் புகுந்து, அண்ணனின் இடுப்பைப் பிடித்துத் தூக்கி, பக்கத்தில் மழைத் தண்ணீர் வடிகிற குழிக்குள் இரண்டு பேருமாக உருண்டு விழுந்தார்கள். எருமை அந்தக் குழியை எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்தது. இந்த மாதிரி ஆட்களோடு நமக்கென்ன என்று நினைத்ததோ என்னவோ, திரும்பி மெதுவாகச் சோலைக்குள் நடந்து போய்விட்டது.

நான் குழியருகே போனேன். உள்ளே முழங்காலளவு சேறு. வேலு மூச்சு வாங்கிக்கொண்டு அண்ணனின் கை கால்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். சஸ்பென்ஸ் சேற்றைத் துப்பினார். மழையைப் பற்றிப் பேசவில்லை. பழைய கதை எதுவும் சொல்லவில்லை.

"தப்புப் பண்ணிட்டேன்டா வேலு. அந்தப் புள்ள மூஞ்சியைக் காட்டாம வுட்டுட்டேன். அவங்கம்மாவை அழ வெச்சுட்டேன். பேட்டரி மேல பழியப் போட மாட்டேன். நான்தான்டா தப்புப் பண்ணேன்."

வேலு என் பக்கம் திரும்பினான். போச்சு, மறுபடி என்னைக் கூப்பிட்டுப் பதில் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். அவன் அண்ணனின் சட்டைக் காலரைப் பிடித்தான். பாக்கி இருந்த அந்தப் பத்தாவது அடிக்கென்று கையை ஓங்கினான். ஓங்கின கையாலேயே அண்ணன் முகத்தில் இருந்த சேற்றை வழித்து எறிந்துவிட்டு, திட்ட ஆரம்பித்தான்.

ஒன்பது வருஷத் திட்டு! "அறிவிருக்குதாடா உனக்கு? எருமை பின்னால நிக்குது, என்னடா சொன்னேன்னு கேக்கறியே, நீயெல்லாம் ஒரு மனுசனாடா? சாம்பார் வாளியை அத்தனை நேரம் காட்டினியே, அந்த வாளிக்கா நான் தாலி கட்டினேன்? போன தீவாளிக்கு ஊட்டு முன்னால ஒத்தையா ஒக்காந்திருந்தியே, வந்து தொலைய வேண்டியதுதான? மஞ்சக் காமாலையில கெடந்தப்ப என்னைய ஏண்டா கூப்பிடலை? செத்திருந்தீன்னா நான் என்னடா பண்ணியிருப்பேன்?"

மேலே வந்து நின்ற சரோஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே புருஷனுக்கு எடுத்துக் கொடுத்தாள். "எங்கம்மாவைச் சொல்லுங்க! நொண்டிக் காலோட மூணு மணி நேரம் ஒக்காந்திருந்ததைச் சொல்லுங்க! அதை வுட்டுட்டீங்க!"

"அதைத்தான் சொல்ல வர்றேன், இரு புள்ள!" என்றவன், அதையும் சேர்த்துச் சத்தமாகத் திட்டினான். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே பொறுக்கவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீயை ஊற்றி, குழிக்குள் நீட்டினாள். "குடிங்க மாமா. குடிச்சுக்கிட்டே கேளுங்க."

பாறைக்குப் பின்னாலிருந்து மேஸ்திரி திரும்பி வந்து குழியின் ஓரத்தில் உட்கார்ந்தார். நெற்றியில் மருந்து வழிந்து மூக்கு வரைக்கும் வந்திருந்தது. யார் தன்னைக் கொன்றது என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. இரண்டு மகன்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

சஸ்பென்ஸ் அந்த டீ மூடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கக்கூட இல்லை. வேலு மூச்சு விட நிறுத்திய ஒரு இடைவெளியில் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கம்பவுண்டரே, கேட்டீங்களா? என்னையத்தான் திட்டறான். நேராவே திட்டறானுங்க."

கேமராவை நிறுத்தி ஒரு குச்சியில் மாட்டிவிட்டு, அட்டை, சேறு எதையும் பார்க்காமல், அந்த மனுஷனுக்குப் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்துகொண்டேன்.